கமாவுக்குப் பிறகு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என் மேல் பழி போடக் கூடாது. இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. கேட்டு வாங்கியவள் என் அக்கா மகள். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பதா வேண்டாமா என்று அவளுக்கு முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பாடத்தைக் குறித்து விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

“சித்தி, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கல்ல, அதனால, எனக்காக ரெண்டு கதை எழுதிக் குடுங்க,”

“என்ன கதை?”

“ஒண்ணுல நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன், இன்னொண்ணுல எடுக்கல, எந்தக் கதையில நான் நல்லா இருக்கேனோ, அதை,”

அதை என்ன செய்வாள் என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் ஒரு வாக்கியத்தையும் முடித்ததில்லை. பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பாள். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் மீதியை முடித்து வைப்பார்கள். நான் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். அடுத்தவர் எழுதியதில் புள்ளியையும் காற்புள்ளியையும் சரிபார்ப்பது என் தொழில். (பிழையால் பிழைக்கிறவள் என்று அத்தான் கிண்டல் செய்வார்.) ஆகையால் அவளுக்குக் ‘கமா’ என்று பெயர் வைத்த பெருமையும் எனக்கே. இப்போது பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

“கதையைப் படிச்சு முடிவெடுக்கிற விஷயமாடி இது? உனக்கு அது பிடிச்சிருக்கா, இல்லையா?”

“பிடிச்சிருக்கு, அதான் பயம்,” என்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் போன்ல டைப் பண்ண ஆரம்பிச்சா, மீதியை அதுவே முடிச்சு வைக்குது சித்தி, எல்லாருக்கும்தான் வைக்குது, ஆனா எனக்கு, நான் மனசுல வெச்சிருந்த அதே வார்த்தை, எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு, தெரிஞ்சுக்கிட்டா, எனக்குன்னு,”

“ஒண்ணும் மிஞ்சாதோன்னு பயம்,” என்று நான் முடித்தேன்.

கமா என்னையே பார்த்தாள். “நேத்து இதை அதுகிட்ட டைப் பண்ணினேன், அதுவும் இதையேதான் போட்டுச்சு,” என்றாள்.

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

2

மறுநாள் மதியம் பதிப்பகத்தில் எழுத உட்கார்ந்தேன். மேசையில் ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தின், நான் பிழை பார்க்க வேண்டிய மெய்ப்புத் தாள்கள் மை வாசனையோடு குவிந்து கிடந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு, கமா முந்தைய நாளே என் மடிக்கணினியில் திறந்து வைத்துக் கொடுத்திருந்த கோப்பை எடுத்தேன். நீங்கள் இப்போது படிப்பதும் அதே கோப்புதான். நான் எழுதுவதை அவள் தன் வீட்டிலிருந்தே படிக்கலாம். அவள் உள்ளே வந்தால், அவள் நிற்கிற இடத்தில் ‘கமா’ என்ற பெயரோடு ஒரு பச்சைக் கோடு மினுங்கும்.

என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் எழுதியதை அழிக்க மாட்டேன். அழித்தது எது என்று மறுநாள் யாராவது கேட்டால் பிழை திருத்துகிறவளின் கதி அதோகதி. வேண்டாத வரியைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். எப்படித் தொடங்கலாம் என்று பார்த்ததெல்லாம் இதோ அப்படியே இருக்கிறது.

[கமாவின் வீட்டுச் சமையலறைக் குழாய் அன்று காலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.]

வேண்டாம். கதையில் குழாய் சொட்டினாலே யாருக்கோ மனசு சரியில்லை என்று அர்த்தம். வாசகர்களுக்கு அலுத்துவிட்டது.

[கமாவின் அப்பா இடது கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார்.]

இது அதைவிட மோசம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். மகள் இந்தப் படிப்பை எடுக்க வேண்டும் என்று துடிப்பவர் அவர்தான். “முன்னெல்லாம் லிஃப்ட் முழுசும் என் கையில இருந்துச்சு. இப்ப கதவைத்தான் நான் தொடுறேன், அதோட மூளையை யாரோ ஒரு பையன் லேப்டாப்பை மாட்டித் தொடுறான். என் பொண்ணு மூளையைத் தொடட்டும்” என்பார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அக்காவோ, “இனிமே அந்த வேலையையும் மெஷினே பார்த்துக்குமாம், படிச்சிட்டு இவ வாசல்ல நிக்கணுமா?” என்பாள். இரண்டும் நியாயம். அப்படியிருக்க அப்பாவின் கையை உடைத்து மகளின் மனசைத் திருப்புவது மலிவான வேலை. வேறு பார்ப்போம்.

[வெள்ளிக்கிழமை மாலை கமா அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், அதற்குப் பிறகு,

இந்த இடத்தில் போன் அடித்தது. அக்கா.

“பதறாத. அவருக்குக் கையில அடிபட்டுடுச்சு. லிஃப்ட் கதவுல மாட்டிக்கிச்சாம். தையல் போட்டிருக்கு.”

“எந்தக் கை?”

“இடது கை. ஏன், உனக்கு எந்தக் கை வேணும்?”

3

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கட்டுப் போட்ட கையை ஒரு தலையணை மேல் வைத்து, விருந்தாளியைக் கவனிப்பது போல் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“கதவுக்கு ஒரு கண்ணு இருக்கும்மா. குறுக்க எது வந்தாலும் நின்னுடும். இன்னைக்குக் காலையில நான்தான் துடைச்சுச் சரி பார்த்து வெச்சேன். மூணு தடவை கையை நீட்டினேன், மூணு தடவையும் நின்னுச்சு.” கட்டின் ஓரத்தைத் தடவினார். “நாலாவது தடவையும் அது என்னைப் பார்த்துச்சு. பார்த்துட்டுத்தான் மூடிச்சு.”

“வலி மாத்திரை மயக்கத்துல உளர்றாரு,” என்றாள் அக்கா.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“காலையிலேர்ந்து இப்படித்தான். அதுக்கு ஆள் பார்க்கிறதா, இவரைப் பார்க்கிறதா?” என்று அக்கா முன்னறையிலிருந்து குரல் கொடுத்தாள். டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே வைத்துவிட்டேன். 

வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு சோதனை செய்தேன். இந்தக் கோப்பில் அல்ல, தனியாக வேறொன்றில். ‘அக்கா வீட்டுக் குழாய் நின்றுவிட்டது’ என்று வெறுமனே எழுதிவிட்டு அக்காவிடம் விசாரித்தேன். சொட்டுகிறது என்றாள். அதே வரியைச் சதுர அடைப்புக்குள் போட்டேன். மறுபடி விசாரிக்கவே தேவைப்படவில்லை, அவளே கூப்பிட்டாள்.

“குழாய் தானாவே நின்னுடுச்சுடி. நீ ஆளுக்குச் சொல்ல வேணாம்.”

நான் வேண்டும் என்று எழுதியது எதுவும் நடக்கவில்லை. வேண்டாம் என்று தள்ளியதுதான் நடந்துகொண்டிருந்தது.*

* நம் பழைய ஏடுகளில் காற்புள்ளியும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை. எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்பதை எழுதியவர்கள் படிக்கிறவரிடமே விட்டுவிட்டார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போது அவர்களுக்கு ஏதோ தெரிந்திருந்தது என்று படுகிறது.

4

அப்படியானால் எழுதுவதை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அவளும் தினம் வந்து பச்சைக் கோட்டை மினுக்கிவிட்டுப் போகிறாள். அடைப்புக்குறி என்ற சாமானையே தொடாமல், அதே தனிக் கோப்பில் இரண்டு கதைகளையும் எழுதி முடித்தேன்.

முதல் கதையில் கமா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறாள். நீளமான கூடம், வரிசையாகத் திரைகள், ஒரு பேராசிரியை. முதல் வருடம் திணறுகிறாள். இரண்டாம் வருடம் ஒரு நாள், வாக்கியத்தை இயந்திரம் எப்படி முடிக்கிறது என்பது அவளுக்குப் பிடிபடுகிறது. “இவ்வளவுதானா!” என்கிறாள். நல்ல வேலை கிடைக்கிறது. கை ஆறிய அத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

இரண்டாவது கதையில் புவியியல் எடுக்கிறாள். ஆறு ஏன் நேராகப் போகாமல் வளைந்து போகிறது என்று சின்ன வயதில் எங்களை அரித்து எடுத்தவள், அந்தக் கேள்வியையே பிழைப்பாக்கிக்கொள்கிறாள். வெயிலில் அலைகிறாள், கறுத்துப்போகிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். போனில் எதையாவது எழுதத் தொடங்கினால் அது முடித்து வைக்கிறது. எப்படி என்று அவள் கேட்டுக்கொள்வதில்லை.

இரண்டிலும் நன்றாகத்தான் இருந்தாள். எனக்கே ஒரு திருப்தி வந்து, கடைசியாக ஒருமுறை பிழை பார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டு கதைகளிலும் கமா நிறையப் பேசுகிறாள், தெளிவாகப் பேசுகிறாள், ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கிறாள். அவள் பேச்சில் ஒரு காற்புள்ளிகூட இல்லை. திருத்துகிற வேகத்தில் எல்லாவற்றையும் நானே களைந்திருக்கிறேன்.

இரண்டு கதைகளிலும் நன்றாக இருந்தவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. என் அக்கா மகள் இல்லை.

5

வியாழக்கிழமை மாலை கமா பதிப்பகத்துக்கே வந்துவிட்டாள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தோட்டக்கலைத் தாள்களின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

“நான் அனுப்பின ரெண்டு கதையும் படிச்சியா?” என்றேன்.

“அதை விடுங்க சித்தி, அந்த இன்னொரு கோப்பு, நீங்க என்னைப் பத்தி எழுதிக்கிட்டே இருக்கிறது, அதைப் படிச்சேன், ஸ்கூல் கம்ப்யூட்டர் கிளாஸ்ல நாங்க புரோகிராம் எழுதும்போது, வேண்டாத வரியை ஒரு குறிக்குள்ள போட்டு வெப்போம், மெஷின் அதைத் தாண்டிப் போயிடும், ஓட்டாது, உங்களோடதுல,”

“தலைகீழ்.”

“தலைகீழ், அடைப்புக்குள்ள இருக்கிறதுதான் ஓடுது,” என்றாள். பயந்தவள் போலில்லை. கணக்கு விடை கிடைத்த பிள்ளையின் முகம் அவளுக்கு. அந்த முகம் எனக்குத் திகிலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. “ஆனா சித்தி, நீங்க ஒண்ணைத் தொறந்துட்டு, மூடவே இல்ல,”

“நானா? போடி! என் பிழைப்பே அதுதான்.”

அவள் திரையை என் பக்கம் திருப்பி விரலை வைத்தாள். இரண்டாம் பகுதி. வெள்ளிக்கிழமை மாலை, அறை, கதவு, அதற்குப் பிறகு, காற்புள்ளி. போன் அடித்து எழுந்து போனவள் திரும்பி வந்து மூடவில்லை. ஊரார் பிழையெல்லாம் பொறுக்கியவள் சொந்த வரியில் கோட்டை விட்டிருக்கிறேன்.

“அதுக்கப்புறம் நீங்க எழுதின எல்லாமே, அதுக்குள்ளதான் இருக்கு, நான் இப்ப பேசுறதும்,” என்றாள் கமா.

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் எதையோ முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. ஆனால் அத்தனையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடப்படக் காத்திருப்பது போல எனக்குப் பட்டது.

“இரு, இப்பவே மூடிடறேன்.”

“எங்க மூடுவீங்க, அந்த வரி இன்னும் முடியல, அப்படியே மூடினா, நான் அந்த ரூமுக்குள்ளயே,”

“அப்ப அழிச்சிடறேன். இதுவரைக்கும் அழிச்சதில்ல, உனக்காக அழிக்கிறேன்.”

“அந்த வரியில இருக்கிறது, நான்தானே,”

 கடைசியில், எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வதையே செய்யப் பார்த்தேன். “சரி, அந்த வரியை நானே நல்லபடியா முடிச்சு வெக்கிறேன். அதற்குப் பிறகு, கமா...”

“முடிக்காதீங்க சித்தி.”

பக்கத்து மேசைக்காரர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் கத்தவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் கடைசியில் முற்றுப்புள்ளி இருந்தது. நான் கேட்டேன். இத்தனை வருடத்தில் அவள் முடித்த முதல் வாக்கியம் அது.

6

இன்று வெள்ளிக்கிழமை. அக்கா வீட்டு முன்னறையில், மடியில் கணினியோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி வருவது நினைவிலிருந்து வருவது அல்ல. நடக்க நடக்க எழுதுகிறேன், அல்லது எழுத எழுத நடக்கிறது. எது முதலில் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கமா எழுந்து, கணினி இருக்கும் அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஏன் கதவைச் சாத்துறா? ஒரு பாடத்தைக் குறிச்சு அனுப்புறதுக்கு இவ்வளவு ரகசியமா?” என்றாள் அக்கா.

“விடு. அவளே முடிவு பண்ணட்டும்,” என்றார் அத்தான். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கையை மடியோடு அணைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து விசைகளைத் தட்டும் சத்தம் கேட்கிறது. தட்டுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி தட்டுகிறாள். அந்த ஓசையில் ஏதோ பழக்கமானது இருந்தது. கொஞ்சம் காது கொடுத்த பிறகுதான் புரிந்தது. என் விரல்கள் நின்றால் உள்ளேயும் நிற்கிறது. நான் தட்டினால் உள்ளேயும் தட்டுகிறது.

இப்போது நிறுத்திப் பார்த்தேன். நின்றது.

“என்ன, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத் தட்டுறீங்களா?” என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு. நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டு வருகிறது. யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

அத்தான் போய்க் கதவருகே நின்றார். வலது கையைத் தூக்கினார், தட்டாமல் இறக்கிவிட்டார். “கமா, என்னடா பண்றே?”

உள்ளே தட்டும் சத்தம் மட்டும் தொடர்ந்தது.

“எதை எடுத்தாலும் அப்பாவுக்குச் சம்மதம்டா. லிஃப்ட்டும் வேணாம், மூளையும் வேணாம். கதவைத் தொற.”

மனுஷன் குரல் உடைந்துபோயிற்று. அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

7

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நிமிடம் நான் இங்கே ‘கமா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்’ என்று எழுதினால் போதும். (மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறேன், கவனியுங்கள். அதற்குள் இருப்பது நடக்காது என்று ஒரு நம்பிக்கை.) நான் எழுதுவதெல்லாம் அந்த மூடாத குறிக்குள் இருக்கிறது, ஆகவே நடந்துவிடும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள், அத்தான் அவளை அணைத்துக்கொள்வார். வந்தவள் தெளிவாக, முழு வாக்கியங்களில் பேசுவாள். அவளை நான் ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன். எனக்கு அவள் வேண்டாம். எனக்கு என் கமா வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்க்கிறவள்.

முடிக்காதீங்க என்று சொன்னாள். நான் முடிக்க மாட்டேன்.

மூடவும் முடியாது. மூடும் குறியை உங்களிடமே கொடுத்துவிடலாம் என்றால், அதைத் தனியாக இங்கே அச்சிட்டுக் காட்டக்கூட வழியில்லை. காட்டிய இடத்திலேயே மூடிக்கொள்ளும். கதவும் அப்படித்தான் என்று அத்தானுக்குத் தெரியும்.

உள்ளே தட்டும் சத்தம் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. இதோ எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் உள்ளே சத்தம் இல்லை. முதல்முறையாக எங்கள் இருவரின் கைகளும் பிரிந்திருக்கின்றன.

திரையில் ஒரு பச்சைக் கோடு வந்திருக்கிறது. பகுதி பகுதியாக மேலே ஏறிப் போகிறது. ஆறைத் தாண்டிற்று, ஐந்தைத் தாண்டிற்று, நான்கிலும் மூன்றிலும் நிற்கவே இல்லை. இரண்டாம் பகுதியில், அந்தக் காற்புள்ளிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. ‘கமா’ என்று அதன் தலையில் எழுதியிருக்கிறது. எழுதுவதற்கு இடம் இருக்கிறது மகளே, எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது. யாரும் குறுக்கே வர மாட்டோம்.

நீங்களும்தான். இந்நேரம் உங்கள் மனசு அந்த வரிக்கு ஒரு முடிவைப் போட்டு வைத்திருக்கும். கேட்காமலேயே அது போட்டுவிடும், எனக்குத் தெரியும். கமா பயந்தது அதற்குத்தான். அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

நான் கையை எடுத்துவிட்டுக் கதவருகே போகப் போகிறேன். நீங்கள் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய், அந்தக் காற்புள்ளிக்குப் பக்கத்தில் பாருங்கள். நான் இதை எழுதும்போது அங்கே ஒன்றுமில்லை, பச்சைக் கோடு மட்டும் மினுங்குகிறது. நீங்கள் போகும்போது அங்கே ஏதாவது எழுதியிருந்தால் அது அவளே எழுதியது. கம்ப்யூட்டரோ ஆறோ எதுவானாலும் சரி, என் பெண் பிழைத்தாள். ஒன்றும் இல்லையென்றால்,